சீனி போடாத காப்பி

நவம்பர் 4, திங்கள்

டிரெய்னிங் முடிஞ்சுது. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஏ.சி.யில் உட்கார வெச்சு, டை கட்டின ஒரு ஆள் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது ஒரே விஷயம்தான். எதிராளி எப்படி உட்கார்றாரோ அப்படி உட்காரு, எப்படிப் பேசறாரோ அப்படிப் பேசு. அவர் கன்னத்துல கை வெச்சா, கொஞ்சம் பொறுத்து நீயும் வை. உடனே வெச்சா கேலி பண்ற மாதிரி ஆயிடும். 'இது நம்ம ஆளு'ன்னு அவர் மனசுக்குத் தோணிட்டா போதும், அப்புறம் நீ நீட்டுற இடத்துல கையெழுத்துப் போடுவார். இதுக்குப் பேர் மிரரிங்காம்.

அட, இதுக்கா ஒரு நாள் பூரா? எங்க ஓமலூர்ல இதை ஒத்து ஊதறதும்பாங்க. எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதே இல்லை. ஆறாங்கிளாஸ்ல ஒரு மலையாள டீச்சர் வந்தாங்க, அந்த வருஷமே எங்கம்மா என்னை 'என்னாடி மலையாளத்துக்காரி'ன்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டா. கல்யாணமான வீட்டுல அவங்க பேச்சு. என் வீட்டுக்காரர் பிரிஞ்சு போகும்போது சொன்னது இன்னும் காதுல இருக்கு: “நான் எதைச் சொன்னாலும் நீ சரிங்கறே கோகிலா. சுவத்தோட குடித்தனம் நடத்துற மாதிரி இருக்கு.” சரின்னேன்.

தினமும் யாரைப் பார்த்தோம், எதைத் திருப்பிக் காட்டினோம், என்ன பலன்னு எழுதணுமாம். அதுக்குத்தான் இந்த நோட்டு.

மேனேஜர் பிரபாகர் சார் எனக்கு ஒரே ஒரு வேலை குடுத்திருக்கார். நங்கநல்லூர்ல ஒரு பழைய அடுக்குமாடி. அதை இடிச்சுட்டு எங்க கம்பெனி புதுசாக் கட்டப் போகுது. வீட்டுக்காரங்க எல்லாரும் சம்மதம்னு கையெழுத்துப் போட்டாச்சு. ஏழாம் நம்பர்ல கலியமூர்த்தின்னு ஒரு பெரியவர் மட்டும் மாட்டேங்கிறார். தனி ஆள். எனக்கு முன்னாடி போனவங்களை வாசலோட விரட்டிட்டாராம். பொங்கலுக்குள்ள அந்தக் கையெழுத்து வந்தா நான் பெர்மனென்ட். வரலேன்னா வேற இடம் பார்த்துக்க வேண்டியதுதான்.

நவம்பர் 6, புதன்

மரக்கதவு திறந்தது. கம்பிக்கதவு திறக்கலை. உள்ளே வேட்டி, பனியன், தோள்ல ஈரத்துண்டு. எழுபது வயசுக்கு மேலே இருக்கும். வலது கை கம்பியைப் பிடிச்சிருந்தது.

“கட்டடக்காரன் அனுப்பினானா? ஒங்களுக்கு எத்தன மட்டம் சொல்லுதது? போயிட்டு வாங்கம்மா.”

'சொல்லுதது'! எனக்குக் கொண்டாட்டம். திருநெல்வேலிப் பேச்சு. ஹாஸ்டல்ல என் பக்கத்துக் கட்டில் பாளையங்கோட்டைக்காரிதான். அவளோட சேர்ந்து எதுக்கெடுத்தாலும் சலிப்பா 'சவம்'னு ஆரம்பிக்கிற அந்தப் பாஷையை ராவும் பகலும் பேசிப் பேசி, வார்டன் எங்களை அக்கா தங்கச்சின்னே நினைச்சாங்க. நானும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டேன். கொஞ்சம் பொறுத்துத்தான்.

“போறேன் அய்யா. சவம், மழ பேஞ்சும் வெக்கை கொறையல பாருங்க. மாடி ஏறினதுல மூச்சு வாங்குது. குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாரீயளா?”

மனுஷன் அப்படியே நின்னுட்டார். யாரோ பின்னாலேருந்து கூப்பிட்ட மாதிரி ஒரு தடவை வீட்டுக்குள்ள திரும்பிப் பார்த்தார். அப்புறம் கொக்கியைத் தூக்கினார்.

“எந்த ஊரு நீ?”

“பாளையங்கோட்டைய்யா.” வாய் கூசவே இல்லை.

தண்ணியோட நிக்கலை, காப்பியும் வந்தது. “சீனி போடவா?”ன்னு அடுப்படியிலேருந்து குரல். அந்தப் பக்கத்துல சர்க்கரைக்குச் சீனின்னுதான் பேர். மேஜை மேல மாத்திரை அட்டை கிடந்தது. எங்கப்பா சர்க்கரை வியாதிக்கு முழுங்கின அதே அட்டை. ஆக, பெரியவர் இனிப்புத் தொடாத ஆளு. சட்டுனு சொன்னேன்: “வேண்டாம்யா, நான் சீனி சேக்கதில்ல.” உள்ளே ஏதோ டப்பாவை மூடற சத்தம். அப்புறம் “நல்லதாப் போச்சு, நானுந்தான்”னு ரெண்டு டம்ளரோட வந்தார்.

ஐயோ, வேப்பங்கொழுந்தை அரைச்சு ஊத்தின மாதிரி ஒரு காப்பி. நான் ரெண்டு ஸ்பூன் போட்டுக் குடிக்கிறவ. ஆனாலும் அவர் நிறுத்தி நிறுத்திக் குடிச்ச மாதிரியே நானும் குடிச்சேன்.

கையெழுத்துப் பேச்சை எடுக்கலை. கிளம்பும்போது அவரே எடுத்தார். “யோசிக்கேன். திங்கக்கெழம வா.”

பலன்: கம்பிக்கதவு திறந்தது.

நவம்பர் 11, திங்கள்

அவர் நாற்காலியில ஒரு காலை மடிச்சு உட்கார்றார். நானும். பேசும்போது முழங்காலைத் தேய்ச்சுவிடறார். நானும். ரூமுக்கு வந்தா எனக்கு நிஜமாவே முழங்கால் வலிக்குது. இதுக்குக் கம்பெனி மருந்து வாங்கித் தருமா?

சுவத்துல அவர் சம்சாரத்தோட படம், மாலையோட. பேச்சியம்மாள். ஊர் கல்லிடைக்குறிச்சி. போன வருஷம் ஆவணியில தவறிட்டாங்க. பிள்ளை குட்டி இல்லை. அவர் ரயில்வேயில இருந்து ரிட்டையர் ஆனவர். படத்தைக் காட்டிச் சிரிச்சுக்கிட்டே சொன்னார்: “பேச்சி போயிட்டா. பேச்சு மட்டும் இந்த வீட்டுக்குள்ள கெடக்கு.” நானும் சிரிச்சேன். அவர் நிறுத்தினப்ப நிறுத்தினேன்.

இன்னும் யோசிக்கிறாராம். அடுத்த திங்கள் வரச் சொன்னார். சீனி போடாத காப்பி.

நவம்பர் 14, வியாழன்

விடாத மழை. ஆபீஸ் லீவு. ரூம்ல கூட இருந்த பொண்ணு காலி பண்ணிட்டுப் போனதிலிருந்து ரெண்டாவது நாற்காலி சும்மா கிடக்கு. எதிர்ல யாரும் இல்லாதப்ப எப்படி உட்கார்றதுன்னே தெரியலை. நின்னேன், படுத்தேன், மறுபடி நின்னேன். கோதுமை உப்புமா.

நவம்பர் 18, திங்கள்

இன்னைக்கு எனக்காகச் சமைச்சே வெச்சிருந்தார் மனுஷன். சொதி. தேங்காய்ப்பால்ல காய்கறியெல்லாம் போட்டுச் செய்யற திருநெல்வேலிக் குழம்பு. ஹாஸ்டல்காரி வாய் வலிக்கச் சொல்லியிருக்கா, நான் சாப்பிட்டதில்லை. “பேச்சி போனதுக்குப் பொறவு இப்பதான் வைக்கேன். உப்பு ஒறப்பு பாரு”ன்னு இலையைப் போட்டார்.

நல்லாத்தான் இருந்தது. லேசாப் புளிப்பு. “எங்க அம்மா வச்ச மாதிரியே இருக்கு”ன்னேன். கண்ணை வேற துடைச்சுக்கிட்டேன்.

அவர் கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு என்னையே பார்த்தார். என்னமோ சொல்ல வந்தவர் மாதிரி இருந்தது. அப்புறம் “இன்னும் கொஞ்சம் ஊத்திக்கோ”ன்னு மட்டும் சொன்னார்.

எங்கம்மா கையால சாப்பிட்டு எத்தனை நாளாச்சு. கண்ணைத் துடைச்சது முழுக்கப் பொய்யில்லை போல.

நவம்பர் 24, ஞாயிறு

அம்மா போன்.

“அலோ, யாருங்க பேசறது?”

“நாந்தாம்மா பேசுதேன்.”

“கோகிலா நம்பர்தானுங்களே இது?”

“அம்மா, நாந்தான் கோகிலா.”

“அடிப் பாவி! என்னா கண்ணு, யாரோ வேத்தூர்க்காரி மாதிரி பேசற? நான் போனை மாத்திப் போட்டுட்டனோன்னு பயந்துட்டேன்.”

பொங்கலுக்கு வரச் சொன்னா. அண்ணன் வீட்டுல இருக்கறா, பாவம். அங்க போனா அண்ணிக்கு ஒத்து ஊதணும், அவங்க சீரியல் பார்த்து அழும்போது நானும் அழணும். வேலை இருக்குன்னுட்டேன்.

வெச்சதுக்கப்புறம் கண்ணாடி முன்னாடி நின்னு 'என்னாங்கம்மா, நல்லாருக்கறீங்களா'ன்னு சொல்லிப் பார்த்தேன். நாடகக்காரி மாதிரி இருந்தது.

டிசம்பர் 2, திங்கள்

ஏழாம் நம்பருக்கு ஏறும்போது மூணாம் நம்பர் வீட்டு அம்மா மறிச்சுட்டாங்க. கையைப் பிடிச்சு உள்ளே இழுத்துட்டுப் போய் மேலே காட்டினாங்க. மழையில கூரைப் பூச்சு பேத்துக்கிட்டுக் கட்டில் மேலேயே விழுந்திருக்கு. கம்பி வெளியே தெரியுது.

“மாமியாரை நகர்த்திப் படுக்க வெச்சிருந்தேன், பொழைச்சாங்க. அந்த மனுஷன் ஒருத்தரால நாங்க எல்லாரும் சாகணுமா? நீங்களும் வர்றீங்க, போறீங்க. என்னதான்மா பேசறீங்க அவர்கிட்ட?”

என்ன பேசறேன்? அவருக்கு வாழைக்காய் எப்படி வதக்கறதுன்னு பேசினேன். பேச்சியம்மாள் ரயில்ல குடையைத் தொலைச்ச கதையைக் கேட்டேன். அந்தக் கதை ஏற்கனவே கேட்டதுதான். இருந்தாலும் அதே இடத்துல சிரிச்சேன். கையெழுத்துப் பேப்பரை எடுத்துட்டுப் போக மறந்துட்டேன்.

ஆபீஸ்ல, “ரொம்ப அழுத்தக்காரர் சார், மெதுவாத்தான் போகணும்”னேன். பிரபாகர் சார் பேனாவைத் தட்டினார். நானும் தட்டினேன்.

டிசம்பர் 9, திங்கள்

யோசிக்காராம். பேப்பர் கொண்டு போகேல. நல்ல காத்து இன்னைக்கு, பால்கனில உக்காந்து பேசிட்டு இருந்தோம். பைய எழுதுதேன், கை வலிக்கு.

டிசம்பர் 10, செவ்வாய்

நேத்து எழுதினதைப் படிச்சுப் பார்த்தேன். யார் எழுதினது இது? நோட்டுல கூடவா? இங்கே நான் யாரை ஏமாத்தணும்?

டிசம்பர் 16, திங்கள்

மார்கழி பொறந்தாச்சு. ஏழாம் நம்பர் அடுப்படியில எறும்பு வரிசை. அவர் துணியை எடுத்துக்கிட்டு, “அந்த ஜீனி டப்பாவ மேல தூக்கி வை”ன்னார்.

“எதை?”

“சீனி, சீனி டப்பா.” வாய் தவறியிருக்கும்.

டப்பாவைத் தூக்கினேன். நிறைய இருந்தது, மேலே ஸ்பூன் கிடந்தது. சீனி போடாத வீட்டுல எதுக்கு இவ்வளவு சீனி? வர்றவங்க போறவங்களுக்கு இருக்கும். வர்றவ நான் ஒருத்திதான், நானும் சீனி சேர்க்கிறதில்லைன்னு சொன்னவ.

காப்பி இன்னும் அதே கசப்புத்தான். பழகும்னு நினைச்சேன், பழகலை.

டிசம்பர் 20, வெள்ளி

பிரபாகர் சார் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். இன்னைக்கு அவர் பேனாவைத் தட்டலை.

“கோகிலவாணி, இந்த வாரமோ அடுத்த வாரமோ. அதுக்கு மேலே நான் வேற ஆளுங்களை அனுப்புவேன். அவங்க காப்பி குடிச்சுட்டுப் பேசற ஆளுங்க இல்லை. தண்ணி நிக்கும், கரண்ட் நிக்கும், ராத்திரியில கதவைத் தட்டுவாங்க. பெரியவர் தாங்குவாரா?”

பஸ்ல கண்டக்டர் ரெண்டு தடவை கேட்டப்புறம்தான் டிக்கெட் எடுத்தேன். அந்த மனுஷனுக்கு நல்லது செய்யணும்னா நான் கையெழுத்து வாங்கித்தான் ஆகணும். எனக்கும் அதுதானே நல்லது. அப்புறம் ஏன் இப்படி இருக்குன்னு தெரியலை.

டிசம்பர் 23, திங்கள்

இந்த வீட்டை வாங்கின கதை சொன்னார். பத்திரம் எழுதற நாள், இவருக்குக் கை ஓடலையாம். சரிப்படுமா, சரிப்படாதான்னு வாசல்லயே நின்னிருக்கார். பேச்சியம்மாள் வந்து முதுகுல ஒரு தட்டு. “சவத்த, ஒரு கையெழுத்துதான? போட்டுட்டு வாங்க, வயிறு பசிக்கு!” அதுதான் கடைசி வரைக்கும் அவங்க மந்திரமாம். ஆபரேஷனுக்குக் கையெழுத்துக் கேட்டப்பக்கூட அதையேதான் சொல்லியிருக்காங்க. வயிறு பசிக்குதுன்னும் சொன்னாங்களாம், டிரிப்ஸ் ஏறிக்கிட்டிருக்கிற கையோட.

சொல்லிட்டு முழங்காலைத் தேய்ச்சார். நானும் தேய்ச்சேன். அவர் கையெழுத்துப் போட என்ன வேணும்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

டிசம்பர் 30, திங்கள்

கையெழுத்து வாங்கிட்டேன்.

டிசம்பர் 31, செவ்வாய்

நேத்து எழுத முடியலை. இப்ப எழுதறேன்.

பேப்பரை மேஜை மேல வெச்சேன். அவர் கண்ணாடியைப் போட்டார், எடுத்தார். முழங்காலைத் தேய்ச்சார். நான் தேய்க்கலை. “யோசிக்கேனே, அடுத்த திங்கக்கெழம…”ன்னு ஆரம்பிச்சார்.

நான் எழுந்து அவர் பின்னாடி போய், முதுகுல லேசா ஒரு தட்டுத் தட்டினேன். “சவத்த, ஒரு கையெழுத்துதான? போட்டுட்டு வாங்க, வயிறு பசிக்கு.”

அவர் திரும்பிப் பார்க்கலை. பேனாவை எடுத்துக் கையெழுத்தைப் போட்டுட்டார். எங்கே போடணும்னுகூடக் கேக்கலை.

பேப்பரை மடிச்சுப் பையில வெச்சேன். “இனிமே எப்ப வருவ?”ன்னார். “வாரேன்யா”ன்னு வாய் வரைக்கும் வந்தது. வெளியே வரலை. தலையை ஆட்டிட்டு இறங்கிட்டேன். துக்க வீட்டுலதான் வர்றேன்னு சொல்லாமக் கிளம்புவாங்க. பாதிப் படியில அது ஞாபகம் வந்து கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். திரும்பிப் போகலை.

தூ, என்ன ஜென்மம் நான். செத்தவளோட குரலைக் கடன் வாங்கிக்கிட்டுப் போய் ஒரு கிழவனை ஏமாத்தியிருக்கேன்.

ஜனவரி 2, வியாழன்

“என்னாச்சு?”ன்னு பிரபாகர் சார் கேட்டார். “திங்கள்கிழமை வரச் சொல்லியிருக்கார்”னேன். பேப்பர் பையிலதான் இருந்தது.

ஜனவரி 6, திங்கள்

போனேன். கம்பிக்கதவு திறந்தே கிடந்தது. நான் வருவேன்னு அவருக்கு எப்படித் தெரியும்? இல்லே, எல்லாத் திங்கக்கிழமையும் திறந்து வெச்சுக்கிட்டுத்தான் உட்கார்ந்திருப்பாரோ என்னவோ.

உட்காராமலே சொன்னேன். “அய்யா, நான் பாளையங்கோட்டை இல்லை. சேலம் பக்கம், ஓமலூர். இந்தப் பேச்செல்லாம் ஹாஸ்டல்ல ஒருத்திகிட்டப் பொறுக்கினது. உங்களை மயக்கறதுக்காகப் பேசினேன். எங்க ஆபீஸ்ல அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. இந்தாங்க உங்க பேப்பர். கிழிச்சுடுங்க. ஆனா பத்திரமா இருங்க, வேற ஆளுங்க வருவாங்க.”

அவர் பேப்பரை வாங்கலை. “உக்காரு”ன்னார்.

“எனக்குத் தெரியும். சொதி வச்ச அன்னைக்கே தெரியும்.”

“எப்படிங்க?”

“தெரியாத்தனமா அதுல புளி ஊத்திட்டேன். சொதியில எவளாவது புளி ஊத்துவாளா? எலுமிச்சம்பழந்தான் பிழிவா. பேச்சி இருந்தா அந்தக் கரண்டியாலேயே என் மண்டையில போட்டிருப்பா. நீ என்னடான்னா உங்க அம்மா வச்ச மாதிரியே இருக்குன்னு கண்ணத் தொடைக்க.” சிரிச்சார். நான் சிரிக்கலை. எனக்கு அழுகைதான் வந்தது.

“அப்புறம் ஏன் வர விட்டீங்க?”

துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டார். பதில் சொன்னப்ப பேச்சே வேறயா இருந்தது. வேற ஆளு பேசற மாதிரி.

“நான் மட்டும் திருநெல்வேலியாம்மா? எனக்கு மாயவரம். கலியமூர்த்தின்னு பேர் வெக்கறது எந்த ஊர்ல, நீ யோசிக்கலியா? வேலைக்காக அங்கே போனேன், அவளைக் கட்டினேன். எனக்கு ஒரு கெட்ட பழக்கம், பக்கத்துல யாரு இருக்காங்களோ அவங்க பேச்சு ஒட்டிக்கும். நாப்பது வருஷம் அவ பேச்சு ஒட்டிக்கிச்சு. அவ போயிட்டா. அவ சாமானெல்லாம் யார் யாரோ எடுத்துக்கிட்டாங்க. மாத்திரை அட்டையும் இந்தப் பேச்சும்தான் மிச்சம். நானே பேசி நானே கேட்டா அவளா கேக்க மாட்டேங்குது. நீ வந்து கம்பியைப் பிடிச்சுக்கிட்டு 'தண்ணி தாரீயளா'ன்ன பாரு…”

துண்டால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டார்.

கூரை விழறதெல்லாம் அவருக்கும் தெரியுமாம். பிடிவாதம் அதுக்கில்லை. கையெழுத்துப் போட்டா வீட்டை விடணும், வீட்டை விட்டா மாயவரத்துல தம்பி வீடு. “அங்கே போனா ஒரே மாசம். என் வாயைப் பத்தி எனக்குத் தெரியாதா? எல்லாம் பழையபடி ஆயிடும். பேச்சி ரெண்டாந்தரம் செத்துடுவா. அதான் தள்ளித் தள்ளிப் போட்டேன். அதுவும் பாதிதான். போட்டுட்டா நீ வரமாட்டியேன்னு மீதி.”

“அன்னைக்கு முதுகுல தட்டினேனே…”

“தட்டினே. அது அவ இல்லேன்னு தெரிஞ்சுதான் போட்டேன். மூணாம் நம்பர் கிழவி தலையில கூரை விழுந்தா அந்தப் பாவம் யாருக்கு? பேப்பரைக் கொண்டு போய்க் குடு.”

அப்புறம் ஒண்ணு கேட்டார். “சரி, இத்தனை நாள் பேச்சி மாதிரி பேசினே. உன் பேச்சு எப்படி? ஏதாவது பேசு, கேக்கறேன்.”

வாயைத் திறந்தேன். ஒண்ணும் வரலை. இதுவா அதுவான்னு தேடறேன், கையில எதுவும் அகப்படலை. அவர் என் மூஞ்சியைப் பார்த்துட்டு, “சரி இரு, காப்பி போடறேன்”னு எழுந்தார். அடுப்படியிலேருந்து பழக்கத்துல கேட்டார்: “சீனி வேண்டாம்ல?”

“வேணும்”னேன். “ரெண்டு ஸ்பூன் அஸ்கா போடுங்க.”

“என்னது?”

“அஸ்கா. எங்க ஊர்ல அப்படித்தானுங்க சொல்லுவோம். எங்கம்மா கடைக்குத் துரத்தும்போது, 'அரைக்கிலோ அஸ்கா வாங்கிட்டு ஓடியா சாமி'ன்னுதான் சொல்லும்.”

அவர் டப்பாவோட வாசப்படியில நின்னுட்டார். “அப்ப நீ சீனி போடுவியா? இத்தனை நாள்…”

“நீங்க போட மாட்டீங்களே, மாத்திரை பார்த்தேனே.”

“அடிப்பாவி மகளே, அது அவ மாத்திரை! நீ போடறதில்லேன்ன. ஒரு பொண்ணு பத்தியக் காப்பி குடிக்கறப்ப நான் மட்டும் எப்படி ஜீனி போட்டுக் குடிக்கிறதுன்னு… ஐயய்யோ, நாக்கு செத்துப் போச்சும்மா எனக்கு!”

எனக்கு ரெண்டு ஸ்பூன் போட்டார். அவருக்கும் ரெண்டுதான் போடுவார்னு நினைச்சேன். மூணு போட்டு, டம்ளரை உத்துப் பார்த்துட்டு இன்னொரு அரை ஸ்பூன் போட்டுக்கிட்டார்.

கிளம்பும்போது “போயிட்டு வரனுங்க”ன்னு சொன்னேன்.

ஜனவரி 7, செவ்வாய்

பேப்பரைக் குடுத்துட்டேன். கை தட்டினாங்க. பிரபாகர் சார் சொல்றார், இனிமே புதுசா வர்றவங்களுக்கு நான்தான் மிரரிங் கத்துக் குடுக்கணுமாம். “யோசிக்கிறேன் சார், திங்கக்கிழமை சொல்றேன்”னேன்.

ஜனவரி 20, திங்கள்

அவர் மாயவரம் போயாச்சு. டப்பா, அடுப்பு, பேச்சியம்மாள் படம், எல்லாம் ஒரு சின்ன வேன்ல அடங்கிடுச்சு. இன்னைக்குச் சாயங்காலம் பஸ் நங்கநல்லூர் வந்ததும் இறங்கிட்டேன். இறங்கினப்புறம்தான் எதுக்கு இறங்கினோம்னு யோசிச்சேன். அடுத்த பஸ்ஸுக்கு நின்னேன்.

பிப்ரவரி 3, திங்கள்

ரெண்டு வாரம் தள்ளிப் போட்டுட்டு இன்னைக்கு போன் பண்ணினேன். அவர்தான் எடுத்தார்.

“அட, நீயாம்மா? செத்த இரு, டி.வி.யைக் குறைக்கச் சொல்றேன். டேய், அதைக் குறைடா. ஆங், சொல்லும்மா. நல்லாருக்கேன். இங்கே என்ன குறைச்சல், கொழந்தைங்கள்லாம் இருக்காங்க.”

முழுக்க மாயவரம். அவர் பயந்த மாதிரியேதான். ஒரு மாசம்கூட ஆகலை. அது அவருக்கே கேட்டிருக்கணும், திடீர்னு நிறுத்திட்டார். மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது.

நான் நாற்காலியில ஒரு காலை மடிச்சு உட்கார்ந்தேன்.

“என்னய்யா, சத்தத்தையே காணும்? சாப்பிட்டீயளா? இங்க சவம், மழ விட்டும் குளிரு விடல. கதவ அடைச்சிட்டு உக்காந்திருக்கேன்.”

அந்தப் பக்கம் கதவு சாத்தற சத்தம் கேட்டது. டி.வி. சத்தம் தூரமாப் போச்சு.

“சாப்புட்டேன்,” அப்படின்னார். அப்புறம், கால் தரையைத் தேடற மாதிரி ஒவ்வொரு சொல்லா வந்தது: “சாப்புட்டேம்லா. இவளுவ வைக்க கொழம்ப வாயில வைக்க முடியல. நீ… நீ பேசு. நான் கேக்கேன்.”

பேசினேன். ரயில்ல குடை தொலைஞ்ச கதையை நானே அவருக்குச் சொன்னேன், அவர் சொன்ன மாதிரியே. சிரிக்கிற இடத்துல சிரிச்சார். பொய்தான். ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச பொய்தான். அடுத்த திங்கக்கிழமையும் சொல்லுவேன்.

வைக்கப் போறப்ப கேட்டார். “காப்பி குடிச்சியா?”

“குடிச்சேன்யா.”

“சீனி போட்டா?”

“இல்லீங்க,” அப்படின்னேன். “அஸ்கா போட்டு.”